மறுபடியும்!

ஒரே அடவு வரிசையை ஆண்டுக்கணக்கில் செய்யவைத்த குரு... 53 வயதில் ஊர்விட்டு வந்து விடுதி வாசல் பெருக்கிய சீடர்... கராத்தேயை உலகுக்குக் கொண்டுவந்த பள்ளிக்கூட வாத்தியார் கிச்சின் ஃபுனாகோஷியின் கதை.

ஊர் அடங்கியதும் அந்த இளம் வாத்தியார் வீட்டைவிட்டுக் கிளம்புவார். நிலாக் காலமென்றால் வெறுங்கையோடு. இருட்டென்றால் கையில் ஒரு விளக்கு. இரண்டு மைலுக்கு மேல் நடை. வீடு திரும்பும்போது பெரும்பாலும் கிழக்கு வெளுத்திருக்கும். பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற மனுஷன் இரவெல்லாம் எங்கே போய்வருகிறார்? அக்கம்பக்கத்தார் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: வாத்தியாருக்குத் தாசி வீட்டுச் சகவாசம்!

ஜப்பானின் தென்கோடியிலுள்ள ஒக்கினாவாத் தீவில், 19-ம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் நடந்தது இது. வாத்தியாரின் பெயர் கிச்சின் ஃபுனாகோஷி. அவர் போய்வந்தது தன் குருநாதர் வீட்டு முற்றத்துக்கு. அங்கே கற்றதை வெளியில் சொல்ல வழியில்லை. அன்றைக்குக் கராத்தே ஊரறியச் செய்கிற காரியமல்ல.

ஒக்கினாவா ஒருகாலத்தில் ரியூக்யூ என்ற தனி அரசு. 1609-ல் ஜப்பானின் சட்சுமா பிரபுக்கள் படையெடுத்து வந்து அதைப் பணியவைத்தார்கள். 1879-ல் அரசே கலைக்கப்பட்டு, தீவு ஜப்பானின் ஒரு மாகாணமாயிற்று. ஆயுதத்துக்குக் கட்டுப்பாடு இருந்த மண்ணில் கையும் காலுமே ஆயுதமாயின என்பது தலைமுறை தலைமுறையாக அங்கே சொல்லிவந்த கதை. பிரபுக் குடும்பங்களுக்குள், இரவுகளில், ஒரு குரு ஒரு சீடன் என்ற அளவில் அந்தக் கலை உயிரோடு இருந்தது.

முற்றத்தில் ஒரு விளக்கு

ஃபுனாகோஷி பிறந்தது 1868-ல், தலைநகரமாக இருந்த ஷூரியில். குறைமாதக் குழந்தை. நீண்ட நாள் உயிரோடு இருக்கமாட்டான் என்று வீட்டில் பயந்தார்கள். தாய்வழித் தாத்தா பாட்டி வீட்டில் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். தாத்தா சீனச் செவ்வியல் நூல்களில் கரைகண்டவர். பேரனுக்கு எழுத்தும் படிப்பும் அவரிடமிருந்து வந்தன. கராத்தே வந்தது பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் மூலம். உடன் படித்த அந்தப் பையனின் அப்பாதான் அன்கோ அசாத்தோ.

அசாத்தோ ஒரு கிராமத்துக்கே பிரபு. வாள்வீச்சு, குதிரையேற்றம், வில்வித்தை, சீன இலக்கியம் எல்லாவற்றிலும் பெயர் பெற்றவர். அவரிடம் அன்றைக்குக் கராத்தே கற்ற ஒரே சீடர் ஃபுனாகோஷி. நோஞ்சான் பையனுக்கு உடம்பு தேறட்டும் என்று தொடங்கியது; ஓரிரு ஆண்டுகளில் உடம்பும் தேறியது, கலையும் பிடித்துக்கொண்டது.

பாடம் எப்படி நடக்கும்? குரு திண்ணையில் முறையான உடையணிந்து முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு மங்கல் விளக்கு. சீடன் முற்றத்தில் 'கட்டா' செய்வான். எதிரில் ஆள் இல்லாமல், இருப்பதாக வைத்துக்கொண்டு, அடியும் தடுப்புமாகக் கோத்த அடவு வரிசைதான் கட்டா. நம் சிலம்ப வாத்தியார்கள் தனியாகக் காலடி போட்டுப் பழகச் சொல்வார்களே, அதன் தூரத்துச் சொந்தம். முடித்ததும் குரு மறுபடியும் செய்யச் சொல்வார். செய்தால், இன்னொரு முறை. வியர்வை வழிந்து, கால் நடுங்கி, ராத்திரி கரையும்வரை அதே கட்டா. விளக்கமோ வித்தை ரகசியமோ கிடையாது. எப்போதாவது ஒருமுறை 'நன்று' என்பதுபோல ஒற்றை வார்த்தை விழும். ஒன்றில் குருவுக்குத் திருப்தி வராமல் அடுத்ததற்குப் போகவே முடியாது.

அந்த நாளில் ஒரு கட்டாவுக்கு மூன்று ஆண்டு என்பது சாதாரணக் கணக்கு. 'டெக்கி' என்ற பெயரில் மூன்று கட்டாக்கள் இருக்கின்றன. அந்த மூன்றை மட்டும் கற்று முடிக்க ஃபுனாகோஷிக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

பயிற்சி முடிந்தபிறகுதான் அசாத்தோ வாய் திறப்பார். கராத்தேயின் சாரத்தைப் பேசுவார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வாத்தியார் வாழ்க்கை எப்படிப் போகிறது என்று ஓர் அப்பாவைப்போல விசாரிப்பார். எதிராளியின் கைகால்களை உருவிய வாளாக நினை என்பது அவருடைய அடிப்படைப் பாடம். பட்டால் போச்சு என்று நினைக்கிறவனுக்கு வம்புக்குப் போக மனம் வராது.

குடுமி போனது, வேலை வந்தது

ஃபுனாகோஷி வாத்தியாரானதே ஒரு விபத்து. அவர் படிக்க ஆசைப்பட்டது மருத்துவம். 1870-க்குப் பிறகு பிறந்தவர்களுக்கே தேர்வு என்றிருந்ததால், ஆவணத்தில் பிறந்த ஆண்டை மாற்றி எழுதித் தேர்வும் எழுதித் தேறினார். ஆனால், தலையில் குடுமி இருந்தது. புதிய மெய்ஜி அரசு குடுமியை ஒழித்திருந்தது. ஒக்கினாவாவின் பழைய குடும்பங்களோ அதை மானப் பிரச்னையாகப் பிடித்துக்கொண்டிருந்தன. அவர் குடும்பம் அந்தப் பிடிவாதக் கட்சி. குடுமியோடு கல்லூரிக்குள் நுழைய முடியாது, குடுமியை எடுத்துவிட்டு வீட்டுக்குள் நுழைய முடியாது. டாக்டர் கனவு அங்கேயே முடிந்தது.

1888-ல் உதவி ஆசிரியர் தேர்வில் தேறினார். இந்த முறை குடுமியை வெட்டிக்கொண்டு, ஆசிரியர் சீருடையில் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா கொதித்துப்போனார். அம்மா மகன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பின்வாசல் வழியாகத் தன் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். மாதச் சம்பளம் மூன்று யென். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் பள்ளிக்கூட வாத்தியாராகவே இருந்தார். சம்பளம் போதாத அந்தக் குடும்பத்தைத் தாங்கியவர் மனைவி. தோட்ட வேலையும் நெசவும் அவர் பொறுப்பு. களைத்துப்போன நேரத்தில் படுக்கப் போகாமல் வாசலில் இறங்கி அவரும் கட்டா செய்வாராம். அக்கம்பக்கத்தில் சண்டை என்றால் சமாதானம் பேசக் கூப்பிடுவதும் அந்த அம்மாவைத்தான்.

கொடுத்துவிட்ட பலகாரம்

ஃபுனாகோஷிக்கு இன்னொரு குருவும் உண்டு: அன்கோ இத்தோசு, அசாத்தோவின் நண்பர். அகன்ற மார்பும் உருண்ட உடம்புமாக இருப்பார். ஒருநாள் மதுக்கடை வாசலில் ஓர் இளைஞன் பின்னாலிருந்து அவரைக் குத்தினான். இத்தோசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குத்திய கையின் மணிக்கட்டைப் பிடித்தபடி அவனைக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போய், இன்னொரு கையால் மது வரவழைத்துக் குடித்துவிட்டு, 'என்மேல் உனக்கு என்ன கோபமோ தெரியாது, வா, சேர்ந்து குடிப்போம்' என்கிற தோரணையில் அவனை முன்னால் உட்காரவைத்தார்.

இரண்டு ஆசான்களுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பொறாமை கிடையாது. தன் சீடன் தனக்கு மட்டும் என்ற நினைப்பும் கிடையாது. இன்னின்ன வித்தையில் இன்னார் கெட்டிக்காரர், போய்க் கற்றுக்கொள் என்று அவர்களே ஃபுனாகோஷியை மற்ற ஆசான்களிடம் அனுப்பினார்கள்.

அந்த நாள்களில் ஓர் இரவு. மாமனார் வீட்டுக்கு, பூஜை மாடத்தில் முன்னோருக்குப் படைக்கப் பலகாரம் எடுத்துக்கொண்டு தனிவழியே போனார் ஃபுனாகோஷி. இரண்டு முரடர்கள் மறித்தார்கள். காசு கேட்டார்கள், இல்லை. புகையிலை கேட்டார்கள், அதுவும் இல்லை. கடைசியில் பலகாரத்தைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார்.

சில வாரம் கழித்து இதைக் குருமார்களிடம் சொன்னார். இத்தோசு, நீ செய்தது சரி என்றார். அசாத்தோ மட்டும், பலகாரம் போய்விட்டதே, மாடத்தில் என்ன வைத்தாய் என்று கேட்டார். மனதாரக் கும்பிட்டேன் என்றார் சீடர். இப்போதுதான் உனக்குக் கராத்தே புரிய ஆரம்பித்திருக்கிறது என்பதுபோல அசாத்தோ சொன்னார். பல்லாயிரம் தடவை கட்டா செய்தவருக்குக் கிடைத்த அரிய பாராட்டு, ஓர் அடியும் அடிக்காத இரவுக்காக வந்தது.

இருட்டிலிருந்து வகுப்பறைக்கு

கலை வெளிச்சத்துக்கு வரத் தொடங்கியதும் இந்த வாத்தியார்களால்தான். 1901-ல் இத்தோசு பள்ளிக்கூடத்தில் கராத்தே கற்பிக்கத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு ஏற்றதாக 'பின்னான்' என்ற ஐந்து கட்டாக்களை வகுத்தார். ஒரு சீடனுக்குத் திண்ணையில் உட்கார்ந்து சொல்லித்தந்த பாடம், வரிசையாக நிற்கும் ஐம்பது பிள்ளைகளுக்கு எண்ணிக்கை சொல்லி நடத்தும் பாடமாக மாறியது. 1921-ல் பட்டத்து இளவரசர் ஹிரோஹித்தோ ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் ஒக்கினாவாவில் இறங்கியபோது, ஷூரிக் கோட்டையில் ஃபுனாகோஷியின் தலைமையில் கராத்தே விளக்கம் நடந்தது.

மறு ஆண்டு, 1922 வசந்தம். டோக்கியோவில் கல்வி அமைச்சகம் நடத்திய தேசிய உடற்கல்விக் கண்காட்சியில் கராத்தேயை அறிமுகப்படுத்த அவரை அனுப்பிவைத்தார்கள். காட்டிவிட்டு ஊர் திரும்புவதுதான் திட்டம். ஆனால், ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ தன் கோடோகான் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்தார். ஏறத்தாழ நூறு பேர் முன்னிலையில் கட்டா செய்துகாட்டினார். கானோவும் அடிப்படையில் ஒரு கல்வியாளர், டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். வாத்தியாரை வாத்தியார் அடையாளம் கண்டுகொண்டார். அவரும், ஒக்கினாவாவில் கராத்தேயைப் பார்த்திருந்த ஓவியர் கொசுகி ஹோவானும், இங்கேயே தங்கிக் கற்றுக்கொடுங்கள் என்று வற்புறுத்தினார்கள். 53 வயதில் மனைவி, மக்கள், ஊர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் டோக்கியோவில் தங்கினார்.

வாசல் பெருக்கிய சென்செய்

தங்க இடம் கிடைத்தது ஒக்கினாவா மாணவர்கள் தங்கிப் படித்த ஒரு விடுதியில், வாசலையொட்டிய சின்ன அறை. பகலில் மாணவர்கள் கல்லூரி போனதும் அறைகளைக் கூட்டுவார், தோட்டத்தைப் பார்த்துக்கொள்வார், காவலுக்கும் இருப்பார். விடுதிச் சமையல்காரருக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்துச் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டார். கையில் காசு தீர்ந்தபோது ஒரு பழைய தொப்பியையும் ஒக்கினாவாவில் நெய்த கிமோனோவையும் அடகுக்கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் பொருளுக்குத் தகாத பெரிய தொகையைக் கொடுத்தார். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது: கடையில் இருந்தவரின் தம்பி அவரிடம் கராத்தே கற்றுக்கொண்டிருந்தான்.

ஒருநாள் ஒரு பத்திரிகை நிருபர் வந்தார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த கிழவரிடம், ஃபுனாகோஷி சென்செய் (ஆசான்) இருக்கிறாரா என்று விசாரித்தார். கொஞ்சம் பொறுங்கள் என்றார் கிழவர். துடைப்பத்தை வைத்துவிட்டு உள்ளே போனார். நல்ல கிமோனோ உடுத்திக்கொண்டு திரும்ப வந்து, நான்தான் ஃபுனாகோஷி என்று வணங்கினார்.

கொசுகியின் தூண்டுதலால் 1922-லேயே கராத்தே பற்றிய தன் முதல் நூலை வெளியிட்டார். 1923 செப்டம்பர் 1-ல் டோக்கியோவைப் பெரும் பூகம்பம் தாக்கியது. நூலின் அச்சுத் தகடுகள் அழிந்தன. மாணவர்களில் சிலர் காணாமலேயே போனார்கள். வயிற்றுப் பாட்டுக்கு அவர் ஒரு வங்கிக்காக ஸ்டென்சில் தயாரிக்கும் வேலைக்குப் போனார். பயிற்சிக்கு இடமில்லாதபோது, புகழ்பெற்ற வாள்வீச்சு ஆசான் ஹாக்குடோ நக்காயாமா தன் கூடத்தை, தாம் பயன்படுத்தாத நேரத்தில் தந்தார். 1924-ல் கெயோ பல்கலைக்கழகத்தில் கராத்தே மன்றம் தொடங்கியது. அதே ஆண்டில்தான் ஃபுனாகோஷி தன் மாணவர்களுக்கு முதன்முதலாகக் கறுப்புப் பட்டை வழங்கினார். பட்டையும் படிநிலையும் கானோவின் ஜூடோவிலிருந்து வந்தவை. அழிந்த நூலைத் திருத்தி எழுதி 1925-ல் மறுபடியும் கொண்டுவந்தார்.

'சீனக் கை'யும் 'வெறுங்கை'யும்

அவர் செய்ததிலேயே அதிகம் வசவு வாங்கித் தந்தது ஓர் எழுத்து மாற்றம். 'கரா' என்ற ஒலியை அதுவரை பெரும்பாலும் சீனத்தைக் குறிக்கும் எழுத்தில் எழுதிவந்தார்கள். கராத்தே என்றால் 'சீனக் கை'. அதே ஒலியுடைய வேறொரு எழுத்துக்கு 'வெறுமை' என்று பொருள். இதை 1905-லேயே ஹனாஷிரோ சோமோ என்ற ஒக்கினாவா ஆசான் எழுத்தில் பயன்படுத்தியிருந்தார். ஃபுனாகோஷி அதைத் தீர்மானமாக எடுத்துக்கொண்டு, 1935-ல் வெளியான தன் பெருநூலுக்கு 'வெறுங்கை வழி' என்ற பொருள்படும் தலைப்பிட்டார். கட்டாக்களின் சீனப் பெயர்களையும் மாற்றினார். இத்தோசுவின் 'பின்னான்', 'ஹெய்யான்' ஆனது. சீனத்தோடு ஜப்பான் மோதிக்கொண்டிருந்த காலம் அது. ஜப்பானிய தேசியவாதக் காற்றுக்கு ஏற்ற பெயரும் அதுதான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் சொன்ன காரணம் வேறு: கையில் ஆயுதமும் மனத்தில் சுயநலமும் இல்லாதிருப்பது. ஒக்கினாவாவில் எதிர்ப்பு கிளம்பியது. ஆனாலும் 1936 அக்டோபரில் நாஹாவில் கூடிய ஆசான்கள் அந்த எழுத்தையே ஏற்றார்கள்.

அவர் கவிதை எழுதுவதற்கு வைத்துக்கொண்ட புனைபெயர் 'ஷோட்டோ'. ஷூரிக் கோட்டைக்கு அருகிலுள்ள மலையில், பைன் மரங்களுக்குள் காற்று புகும்போது அலையோசைபோலக் கேட்குமாம். அந்த ஓசைதான் ஷோட்டோ. 1930-களின் பின்பாதியில் அன்பர்கள் நிதி திரட்டி டோக்கியோவில் அவருக்கென்று ஒரு பயிற்சிக் கூடம் கட்டினார்கள். எழுபதை நெருங்கிய குரு வாசலுக்கு வந்தபோது மேலே 'ஷோட்டோகான்' (ஷோட்டோவின் கூடம்) என்று பலகை தொங்கியது. தன் பாணிக்குப் பெயர் வைக்க விரும்பாதவர் அவர். கராத்தே ஒன்றுதான் என்பார். கூடத்துக்கு மாணவர்கள் வைத்த பெயரே பாணிக்கும் நிலைத்துவிட்டது.

குருவும் மாணவர்களும் உரசிக்கொண்ட இடமும் உண்டு. இளைஞர்கள் கட்டாவோடு நிற்க விரும்பவில்லை, நேருக்கு நேர் மோதிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். குருவின் மகன் கிகோவே அந்தப் புதிய வேகத்தின் முன்னணியில் இருந்தார். இன்று ஷோட்டோகானில் பார்க்கும் தாழ்ந்த நிலைகளும் நீண்ட எட்டுகளும் பெருமளவுக்கு அவர் தலைமுறை கொண்டுவந்தவை. சுதந்திரமாக மோதுவதையும் போட்டியையும் ஃபுனாகோஷி விரும்பவில்லை.

ஸ்டேஷன்தோறும் நின்றவர்கள்

1945 எல்லாவற்றையும் கொண்டுபோனது. குண்டுவீச்சில் ஷோட்டோகான் எரிந்தது. ஒக்கினாவாப் போரில் பிறந்த மண் சின்னாபின்னமானது. சிறுவயதிலிருந்தே காசநோயோடு போராடிய கிகோவும் அந்த ஆண்டில் இறந்தார். முன்னோர் சமாதிகளை விட்டுவிட்டு டோக்கியோ வரமாட்டேன் என்று இருந்த மனைவி, போரால் துரத்தப்பட்டுக் கியூஷூ தீவுக்கு வந்துசேர்ந்தார். அங்கே ஓயிட்டாவில் இருவரும் ஒன்றாக வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். 1947-ல் அவரும் போய்விட்டார்.

மனைவியின் அஸ்தியோடு டோக்கியோவுக்கு ரயில் ஏறினார், எண்பதை நெருங்கிய கிழவர். வழியில் ரயில் நின்ற ஸ்டேஷன்களில் எல்லாம் பழைய மாணவர்கள் காத்திருந்தார்கள். துக்கம் விசாரித்து, வணங்கி அனுப்பினார்கள். தன்வரலாற்றில் இதை எழுதும்போது அந்தக் கிழவரின் நெகிழ்ச்சி மறையவில்லை.

போருக்குப் பின்னான அதே டோக்கியோவில்தான் அவரைக் கடைசியாகச் சோதித்த இரவும் வந்தது. கவிதைக் கூட்டம் ஒன்றிலிருந்து தனியே திரும்பிக்கொண்டிருந்தவரை ஒருவன் மறித்து வழிப்பறி செய்யப் பார்த்தான். அந்த முதியவர் சட்டென்று குனிந்து, அவன் உயிர்நிலையைப் பற்றிப் பிடித்துவிட்டார். ரோந்து வந்த போலீஸ்காரரிடம் ஒப்படைத்தார். வேறு ஆளாயிருந்தால் பேரன்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பார். ஃபுனாகோஷிக்கு வெட்கமாக இருந்தது. காலமெல்லாம் மாணவர்களுக்குச் சொன்ன பாடத்தில் தானே சறுக்கிவிட்டதாகத்தான் எழுதிவைத்தார். இளமையில் பலகாரத்தைக் கொடுத்துவிட்டு வந்த வாத்தியார், கிழவயதில் ஒரு பரீட்சையில் தோற்றதாகத் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொண்டார்.

கடைசிவரை அவர் காலை ஒரே மாதிரிதான் விடிந்தது. தலைவாரிக்கொள்வார், சில நாள் அதற்கே ஒரு மணி நேரம் ஆகும். அரண்மனை இருக்கும் திக்கைப் பார்த்து ஒரு வணக்கம், ஒக்கினாவா இருக்கும் திக்கைப் பார்த்து ஒரு வணக்கம். அதன் பிறகே தேநீர். 1957 ஏப்ரல் 26-ல், 88 வயதில் மறைந்தார். அவர் விரும்பாத போட்டி அதே ஆண்டிலேயே ஜப்பானில் தேசிய அளவில் தொடங்கிவிட்டது. காமக்குராவின் எங்காக்குஜி கோயில் வளாகத்தில் 1968-ல் எழுப்பிய நினைவுக்கல்லில், கராத்தேயில் முதல் கை ஓங்குவது கிடையாது என்ற அவருடைய கொள்கை செதுக்கப்பட்டிருக்கிறது.

மொட்டைமாடியில் ஒரு தடுப்பு

2021 ஆகஸ்ட். டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாகக் கராத்தே. நிப்போன் புடோக்கான் அரங்கில் ஆண்கள் கட்டாப் பிரிவின் தங்கத்தை வென்றவர் ரியோ கியூனா, ஒக்கினாவாக்காரர். ஒலிம்பிக் தங்கம் அந்தத் தீவுக்கு வந்தது அதுவே முதல்முறை. எதிரில் ஆளில்லாமல், தனியாக, ஒரு வரிசை அடவு. அடுத்து வந்த பாரிஸ் ஒலிம்பிக்கில் கராத்தேக்கு இடமில்லை.

நம் ஊர்த் தெருக்களில் 'ஷோட்டோகான் கராத்தே' என்ற பலகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தக் கிழவரின் புனைபெயர்தான் அது. கல்யாண மண்டபத்து மொட்டைமாடியிலோ பள்ளி மைதானத்திலோ வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். ஓரத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர், 'மாஸ்டர், அடுத்த பெல்ட் எப்போ?' என்று கேட்பார்கள்.

அங்கே முதலில் சொல்லித்தரும் கட்டா 'ஹெய்யான் ஷோடான்'. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று இத்தோசு வகுத்த வரிசைகளில் ஒன்று, ஃபுனாகோஷி பெயர் மாற்றியது. அதன் முதல் அசைவு குத்து அல்ல. இடப்பக்கம் திரும்பி, கையைக் கீழே இறக்கி, வருகிற அடியைத் தடுப்பது. ஏழு வயதுக் குழந்தை அதைச் செய்யும்போது கால் பிசகும், முழங்கை விலகும், பார்வை அம்மா பக்கம் போகும். மாஸ்டர் அருகே வந்து முழங்கையைத் திருத்திவிட்டுப் பின்வாங்குவார். பெல்ட்டைப் பற்றிய கேள்வி காற்றில் அப்படியே நிற்கும். குழந்தை பழைய இடத்துக்குப் போய் நிற்கும்.

"மறுபடியும்!"